பாரிஸைத் தள்ளி வைத்துவிட்டுப் படியுங்கள்: அமெரிக்கக் கண்டங்களின் பிரெஞ்சு இலக்கியத்துக்குள் நுழைய ஒரு வழி

பிரெஞ்சு இலக்கியம் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு யூகோ, காம்யு, சார்த்தர் என்று மனம் பாரிஸ் பக்கமே ஓடும். தமிழுக்கு மொழிபெயர்ப்பாக வந்து சேர்ந்தவையும் அதிகம் அந்தப் பக்கத்தவைதான். ஆனால் அட்லாண்டிக்கைத் தாண்டினால் கனடாவின் கியூபெக், கிழக்குக் கரையோர அகாடியா, கரீபியக் கடலில் ஹைட்டி, மார்த்தினிக், குவாதலூப், தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானா, அமெரிக்க மாநிலமான லூசியானா என்று பிரெஞ்சில் எழுதிய, இன்னும் எழுதிக்கொண்டிருக்கிற ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. அமெரிக்கக் கண்டங்களின் பண்பாட்டைப் படிப்பவர்கள் ஆங்கிலத்தையும் ஸ்பானியத்தையும் முடித்துவிட்டு, நேரம் மிஞ்சினால் இந்தப் பக்கம் வருகிறார்கள். பிரெஞ்சுத் துறைக்காரர்களோ பாடத்திட்டத்தின் கடைசி அலகில் இவற்றுக்கு ஓர் இடம் ஒதுக்குகிறார்கள்.

இரண்டு பக்கமும் இந்த இலக்கியத்துக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் உறுதியான கருத்து. பாரிஸிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டிருந்தால் இந்த எழுத்து பிடிபடாது. அது பிறந்த மண்ணையும், பக்கத்துத் தீவையும், பக்கத்தில் பேசப்படும் மொழியையும் வைத்துப் படித்தால்தான் கதவு திறக்கும். அதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆங்கில மொழிபெயர்ப்புகளை வைத்தே தாராளமாகத் தொடங்கலாம்.

முதலில் வரைபடம்

எந்தப் புத்தகத்தையும் திறப்பதற்கு முன் ஒரு வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கனடாவின் செயிண்ட் லாரன்ஸ் ஆற்றிலிருந்து தென் அமெரிக்காவின் வடகரையில் இருக்கும் கயேன் வரை தெரிகிற வரைபடமாக இருக்க வேண்டும். இன்றைய நோவா ஸ்கோஷியாவில் போர் ருவாயால் குடியேற்றம் 1605இல், கியூபெக் நகரம் 1608இல், மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் குடியேற்றம் 1635இல். முப்பது ஆண்டுகளுக்குள் ஒரே அரசின் ஆட்கள் ஊன்றிய இடங்கள் இவை. பாடப்புத்தகங்கள் இவற்றைத் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்துவிடுவதால் இவை ஒன்றோடொன்று எப்படிப் பின்னியிருக்கின்றன என்பது கண்ணில் படாமல் போகிறது.

மூன்று ஆண்டுகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். முதலாவது 1763. ஏழாண்டுப் போரில் தோற்ற பிரான்ஸ், பாரிஸ் உடன்படிக்கையில் கனடாவை இங்கிலாந்துக்கு விட்டுக்கொடுத்தது. மார்த்தினிக்கையும் குவாதலூப்பையும் திரும்ப வாங்கிக்கொண்டது. காரணம் சர்க்கரை. பனி மூடிய பெரிய நிலப்பரப்பைவிடக் கரும்பு விளையும் சின்னத் தீவுகள் அன்றைக்குக் கூடுதல் விலை போயின. ஒரே கையெழுத்தில் வடக்கே அறுபது எழுபதாயிரம் பிரெஞ்சுக்காரர்கள் அந்நிய ஆட்சிக்குள் போனார்கள். தெற்கே ஆப்பிரிக்க அடிமைகளின் விலங்கு இன்னும் இறுகியது.

இரண்டாவது 1804. அடிமைகள் கிளர்ந்தெழுந்து நெப்போலியனின் படையை முறியடித்து, அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று ஹைட்டி என்ற சுதந்திர நாட்டை அறிவித்தார்கள். அந்தத் தோல்வி உறுதியாகிக்கொண்டிருந்த 1803இலேயே நெப்போலியன் லூசியானாவை அமெரிக்காவுக்கு விற்றுவிட்டார். ஹைட்டி கைவிட்டுப் போனபின் அதற்குத் தீனி போடும் லூசியானா அவருக்குத் தேவைப்படவில்லை. 1825இல் பிரான்ஸ் திரும்பி வந்து, உன் சுதந்திரத்தை நான் அங்கீகரிக்க வேண்டுமானால் 15 கோடி ஃபிராங்க் இழப்பீடு கொடு என்று அந்த இளம் நாட்டை மிரட்டியது. தொகை பின்னால் 9 கோடியாகக் குறைக்கப்பட்டாலும் ஹைட்டி அந்தக் கடனின் சுமையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தது. ஹைட்டி நாவல்களில் வரும் வறுமையை இயற்கையின் கொடுமை என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க இந்த ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது 1848. பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை முற்றாக ஒழிந்த ஆண்டு. அதன் பின்விளைவு நம் கடற்கரை வரை வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒவ்வொரு ஊரிலும் கேட்க வேண்டிய கேள்வி

புத்தகத்தைத் திறந்ததும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்த ஊரில் பிரெஞ்சுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் மொழி எது, கீழே நசுங்கும் மொழி எது? அமெரிக்கக் கண்டங்களின் பிரெஞ்சு எழுத்துக்கு இதைவிட நல்ல திறவுகோல் எனக்குத் தெரியாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வோர் ஊரிலும் பிரெஞ்சு வேறு வேறு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

கியூபெக்கில் பிரெஞ்சுக்கு மேலே ஆங்கிலம். கப்ரியேல் ருவா 1945இல் வெளியிட்ட, ஆங்கிலத்தில் 'தி டின் ஃப்ளூட்' என்று வந்த நாவலில் ஓர் இடம். மொன்ட்ரியாலின் ஏழைத் தொழிலாளர் பகுதியான சென் ஆன்ரியில் வாழும் ரோஸ் அன்னா, நோயில் கிடக்கும் தன் சின்ன மகன் தனியேலைப் பார்க்க மலைமேல் உள்ள மருத்துவமனைக்கு ஏறிப் போகிறாள். மலைமேல் இருப்பது பணக்கார ஆங்கிலேயர்களின் உலகம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஜென்னி என்ற நர்ஸுக்கு ஆங்கிலம்தான் தெரியும். ஜென்னி அன்பானவள், பிள்ளைக்கு அவளை மிகவும் பிடித்துவிடுகிறது. தாய்க்கு அவளோடு ஒரு வார்த்தை பேச வழியில்லை. தன் பிள்ளை தன்னைவிட்டு வேறொரு மொழியின் பக்கம் நகர்ந்துவிட்டான் என்பதை அந்தத் தாய் கட்டிலருகில் நின்று உணர்கிறாள். யாரும் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. அதனால்தான் அந்தக் காட்சி அப்படி வலிக்கிறது. கியூபெக் ஏன் 1977இல் பிரெஞ்சைப் பாதுகாக்க 101ஆம் சட்டத்தைக் கொண்டுவந்தது என்பதை எந்த அரசியல் கட்டுரையையும்விட இந்தப் பக்கங்கள் நன்றாக விளக்கும். கூடவே ஒரு செய்தி: குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னதும் அதே சட்டம்தான். மொன்ட்ரியாலில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் பிரெஞ்சில் படித்து வந்தது அதனால்தான்.

ஹைட்டிக்குப் போனால் எல்லாம் தலைகீழ். அங்கே மேலே இருப்பது பிரெஞ்சு. நீதிமன்றம், பத்திரிகை, பட்டப்படிப்பு எல்லாம் நெடுங்காலம் அதன் கையில். ஊர் முழுக்கப் பேசுவது, பிரெஞ்சும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து அந்த மண்ணில் பிறந்த கிரெயோல். பிரெஞ்சை நன்றாக அறிந்தவர்கள் சிறுபான்மை. கிரெயோலுக்குப் பிரெஞ்சோடு சேர்த்து ஆட்சிமொழித் தகுதி கிடைத்தது 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பில்தான். அதனால் ஹைட்டி எழுத்தாளர் பிரெஞ்சில் எழுதும்போது, தன் கதையில் வரும் விவசாயியால் அந்தப் புத்தகத்தைப் படிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அந்த உறுத்தல் வாக்கியத்துக்கு வாக்கியம் தெரியும், தேடிப் பாருங்கள்.

மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் பிரெஞ்சு பள்ளிக்கூடத்தின் மொழி, கிரெயோல் வீட்டின் மொழி. பிள்ளைகள் வாய்தவறிக் கிரெயோலில் பேசிவிட்டால் வாத்தியார் சும்மா விடமாட்டார். பத்ரிக் ஷாமுவாசோ தன் பள்ளிப் பருவத்தைப் பற்றி 1994இல் எழுதிய நூல் முழுக்க இந்தக் கெடுபிடிதான். லூசியானாவில் மறுபடியும் ஆங்கிலம் மேலே. 1921ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பு பள்ளிக் கல்வியை ஆங்கிலத்தில் மட்டும் என்று ஆக்கியது. 1980இல் வந்த ஒரு லூசியானாக் கவிதைத் தொகுப்பில் ஒரு கவிதை, 'பள்ளி வளாகத்தில் பிரெஞ்சு பேச மாட்டேன்' என்ற தண்டனை வரியை ஆங்கிலத்திலேயே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டு தொடங்குகிறது. கொஞ்ச நேரத்தில் கவிதை பிரெஞ்சுக்கு நழுவி, அந்தத் தண்டனை ஒரு சமூகத்தை என்ன செய்தது என்று பேச ஆரம்பிக்கிறது. மார்த்தினிக்கில் அடிக்கும் கை பிரெஞ்சுடையது, லூசியானாவில் அடி வாங்கும் முதுகு பிரெஞ்சுடையது. பள்ளிக்கூடம் மட்டும் இரண்டு இடத்திலும் அதே பள்ளிக்கூடம்.

கியூபெக்குக்காக மனம் இரங்கும்போது ஒன்றை விட்டுவிடக் கூடாது. ஆங்கிலத்துக்குக் கீழே இருந்த அதே பிரெஞ்சு, அந்த மண்ணின் முதல் குடிகளுக்கு மேலே உட்கார்ந்திருந்தது. இன்னு இனப் பெண்மணி ஆன் அந்தான் கபேஷ் 1976இல் தன் கோபத்தை இன்னு மொழியிலும் பிரெஞ்சிலுமாகச் சேர்த்து வெளியிட்டார். நிலத்தையும் வேட்டைக்காட்டையும் பிள்ளைகளின் கல்வியையும் வெள்ளையர் எப்படிப் பறித்தார்கள் என்று நேருக்கு நேர் கேட்கிற புத்தகம் அது. இன்றைக்கு ஜோசஃபின் பேக்கனின் இருமொழிக் கவிதைகளும் நவோமி ஃபோந்தேனின் நாவல்களும் அந்தத் தடத்தில் வருகின்றன. கியூபெக் இலக்கியம் என்று சொல்லிவிட்டு இவர்களைப் படிக்காமல் விட்டால் பாதிதான் படித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

ஓர் ஊர், ஒரு புத்தகம்

எல்லா ஊரையும் ஒரேயடியாகப் பிடிக்கப் போனால் எதுவும் நிற்காது. ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எல்லோருக்கும் சொல்வது ஹைட்டி. புத்தகம், ழாக் ரூமேனின் நாவல். 1944இல் அவர் இறந்த ஆண்டிலேயே வெளிவந்தது. லாங்ஸ்டன் ஹியூஸும் மெர்சர் குக்கும் சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1947இல் 'மாஸ்டர்ஸ் ஆஃப் த டியூ' என்று கொண்டுவந்தார்கள். ஹார்லெமின் கறுப்பினக் கவிஞர் ஒருவர் ஹைட்டி நாவலை மொழிபெயர்க்க உட்கார்ந்தார் என்பதே, இந்த எழுத்து எந்த உலகத்தைச் சேர்ந்தது என்று காட்டிவிடுகிறது.

கதை எளிமையானது. ஃபோன் ரூஜ் என்ற ஊர். மரத்தை வெட்டி வெட்டி மலை மொட்டையாகி, மழை பொய்த்துக் கிடக்கிறது. முதல் பக்கத்தில் கிழவி தெலிரா தரையில் கை விட்டுப் புழுதியை அள்ளுகிறாள், எல்லோரும் செத்துப்போவோம் என்கிறாள். அவள் மகன் மனுவேல் கியூபாவின் கரும்புத் தோட்டங்களில் பதினைந்து ஆண்டு உழைத்து, அங்கே வேலைநிறுத்தம் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறான். ஊர் பழைய நிலத் தகராறிலும் கொலைப் பகையிலும் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. மனுவேல் நீரூற்றைக் கண்டுபிடித்துவிடுகிறான். ஆனால் வாய்க்கால் வெட்ட இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து வந்தால்தான் நடக்கும். அவன் காதலிக்கும் அன்னாயீஸ் எதிர்த்தரப்புப் பெண்.

படிக்கும்போது 'கொன்பிட்' வரும் இடங்களில் நின்று நிதானமாகப் போங்கள். ஊரே ஒருவர் நிலத்தில் இறங்கி, மேளம் கொட்ட, ஒருவர் பாட மற்றவர்கள் ஏற்றுப் பாட, வரிசையாக மண்வெட்டி ஏறி இறங்கும் கூட்டு உழைப்பு அது. நம் வயலில் நடவுப் பாட்டு பாடிக்கொண்டே வரிசையாக நாற்று நட்டவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தாளம் உடனே பிடிபடும். ரூமேன் அந்தப் பாட்டைக் கிரெயோலிலேயே கொடுக்கிறார். அவருடைய பிரெஞ்சுக்கு அடியிலும் கிரெயோலின் நடை ஓடுகிறது. படித்த குடும்பத்தில் பிறந்து, ஹைட்டியின் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கி, சிறைக்குப் போய்வந்த மனிதர் விவசாயியின் வாய்மொழிக்காக பிரெஞ்சை வளைத்தார் என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள். மனுவேலுக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்லப் போவதில்லை. சாகும் மனிதன் ஒருவன் தன்னைக் குத்தியவனின் பெயரை ஏன் வெளியே சொல்ல வேண்டாம் என்கிறான் என்று யோசித்துக்கொண்டே போனால், நாவல் எதைப் பற்றியது என்று தெரிந்துவிடும்.

ஹைட்டி வேண்டாம், வேறு வழியாக வருகிறேன் என்பவர்களுக்கு மார்த்தினிக்கிலிருந்து ஜோசஃப் ஜொபேல். 1950இல் வந்த அவருடைய நாவலில், பேரன் கரும்புத் தோட்டத்துக்குப் போகாமல் படித்து மேலே வர வேண்டும் என்று ஒரு கிழவி முதுகு ஒடிய உழைக்கிறாள். ஆங்கிலத்தில் 'பிளாக் ஷாக் ஆலி'. யூசான் பால்சி 1983இல் எடுத்த திரைப்படமும் கிடைக்கும். படத்தை முதலில் பார்த்துவிட்டு நாவலுக்கு வந்தாலும் தவறில்லை.

ஷாமுவாசோவின் 'தெக்ஸாகோ'வை மட்டும் முதலில் எடுக்காதீர்கள். 1992இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கொன்கூர் பரிசு வாங்கிய மகத்தான நாவல். ஃபோர் தெ ஃபிரான்ஸ் நகரின் ஓரத்தில் இருந்த ஒரு குடிசைப் பகுதியின் கதை வழியாக, அடிமைக் காலத்திலிருந்து மார்த்தினிக்கின் வரலாறு முழுவதையும் சொல்கிறது. ஆனால் தீவின் கதை கொஞ்சமாவது தெரியாமல் உள்ளே போனால் ஐம்பது பக்கத்தில் களைத்துவிடுவீர்கள். நான்காவதோ ஐந்தாவதோ புத்தகமாகப் படித்தால் அது தரும் இன்பமே வேறு.

காதால் படிப்பது

இந்த ஊர்களின் எழுத்தில் பெரும்பகுதி பேச்சிலிருந்து எழுந்தது. வாய்விட்டுப் படித்தால் பாதி விளங்கும். 1968 ஆகஸ்டில் மொன்ட்ரியாலில் மிஷெல் திராம்பிளேயின் 'லெ பெல் சேர்' நாடகம் மேடையேறியபோது ஊரே இரண்டுபட்டது. கதைக்களம் ஒரு சமையலறை. ஜெர்மேன் லோசோன் என்ற இல்லத்தரசிக்கு ஒரு போட்டியில் பத்து லட்சம் பரிசு முத்திரைகள் விழுந்திருக்கின்றன. புத்தகங்களில் ஒட்டிக் கொடுத்தால் வீடு நிறைய சாமான் வாங்கலாம். ஒட்டித்தர அக்கம்பக்கத்துப் பெண்களையும் உறவுக்காரிகளையும் அழைக்கிறாள். மேடையில் இருப்பவர்கள் பதினைந்து பெண்கள், ஆண் ஒருவரும் இல்லை. ஒட்டிக்கொண்டே புலம்புகிறார்கள், சண்டை போடுகிறார்கள், அப்புறம் ஒவ்வொருத்தியாக முத்திரையைக் கைப்பைக்குள் திணிக்க ஆரம்பிக்கிறாள்.

பொறாமையும் ஏழ்மையும் மேடைக்குப் புதிதல்ல. அவர்கள் பேசிய மொழிதான் சண்டையைக் கிளப்பியது. மொன்ட்ரியால் தொழிலாளர் தெருக்களின் 'ஜுவால்', ஆங்கிலம் கலந்து, எழுத்துகளை விழுங்கிப் பேசும் பேச்சு, முதன்முறையாக முழு நாடகத்துக்கும் மொழியானது. இதை மேடையில் பேசலாமா என்று ஒரு கூட்டம் கொதித்தது. எங்கள் அம்மா பேசுகிற மாதிரியே இருக்கிறது என்று இன்னொரு கூட்டம் கொண்டாடியது. கரிசல் பேச்சும் சென்னைப் பேச்சும் எழுத்துக்குள் வந்தபோது நாம் கேட்ட வாதங்கள்தான் அவை. இந்த நாடகத்தைப் படிப்பவர்களுக்கு ஒரு யோசனை: ஆங்கில மொழிபெயர்ப்போடு, ஸ்காட்லாந்துப் பேச்சுமொழியில் 1989இல் மேடையேறிய மொழிபெயர்ப்பையும் தேடுங்கள். ஜுவாலின் முரட்டுத்தனத்துக்கு அது இன்னும் கிட்டத்தில் நிற்கிறது.

கிரெயோலையும் காதில் வாங்குங்கள். பொருள் புரியாவிட்டாலும் பரவாயில்லை, ஓசை பழகினால் ரூமேனும் ஷாமுவாசோவும் வேறு மாதிரி ஒலிப்பார்கள். ஃபிராங்கெத்தியென் 1975இல் ஹைட்டிக் கிரெயோலின் முதல் நாவலான 'தெஸாஃபி'யை எழுதினார். துவாலியே குடும்பத்தின் சர்வாதிகாரத்துக்கு நடுவில், உப்பை நாக்கில் வைத்ததும் விழித்தெழும் ஸோம்பிகளின், அதாவது சுயநினைவின்றி அடிமைப்பட்டுக் கிடப்பவர்களின் கதை. ஹைட்டி வாசகர்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கோட்பாடுகள் கொஞ்சம் காத்திருக்கட்டும்

நெக்ரித்யூத், அந்தில்லியம், கிரெயோல்தன்மை என்று மூன்று பெயர்கள் எந்தப் பாடத்திலும் முதல் வாரமே வந்து நிற்கும். சுருக்கமாக: 1930களின் பாரிஸில் மார்த்தினிக்கின் எமே செசேரும் கயானாவின் லெயோன் தமாஸும் செனகலின் செங்கோரும் கறுப்பினத்தின் தன்மானத்தை முழங்கியது முதலாவது. ஆப்பிரிக்காவை மட்டும் பார்க்காமல் கரீபியக் கடலையே நம் இடமாகக் கொள்வோம் என்று எதுவார் கிளிசான் சொன்னது இரண்டாவது. பெர்னாபே, ஷாமுவாசோ, கொன்ஃபியான் மூவரும் 1989இல், நாங்கள் ஐரோப்பியரும் இல்லை, ஆப்பிரிக்கரும் இல்லை, ஆசியரும் இல்லை, கிரெயோல்கள் என்று அறிவித்தது மூன்றாவது. எழுத்தாளர் எப்படி எழுத வேண்டும் என்று எந்த அறிக்கையும் கட்டளையிடக் கூடாது என்று குவாதலூப்பின் மரீஸ் கொந்தே எதிர்த்து நின்றார். எனக்கு அவர் பக்கம்தான் சாய்வு. ஒரு நாவலாவது படித்து முடித்தபிறகு இந்த வாதங்களுக்கு வாருங்கள். முதலிலேயே வந்தால், படிக்கும் ஒவ்வொரு பாத்திரத்திலும் கோட்பாட்டைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எல்லை தாண்டிப் போகும் எழுத்து

ஓர் ஊர் ஓரளவு பழகியதும் அங்கிருந்து புறப்படும் பாதைகளைப் பின்தொடருங்கள். ஹைட்டிப் புரட்சியிலிருந்து ஓடி கியூபாவில் தங்கியிருந்தவர்களில் சுமார் 9,000 பேர் 1809 வாக்கில் நியூ ஆர்லியன்ஸ் வந்து இறங்கினார்கள். நகரத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய இரட்டிப்பானது. அந்த நகரத்தில் பிறந்த விக்தோர் செஜூர், ஹைட்டி வேரிலிருந்து வந்தவர். அவர் 1837இல் பாரிஸ் இதழ் ஒன்றில் வெளியிட்ட சிறுகதைதான் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் எழுதியதாக இன்று தெரிந்த மிகப் பழைய புனைகதை. எழுதிய மொழி பிரெஞ்சு, கதை நடப்பது புரட்சிக்கு முந்தைய ஹைட்டியில். அமெரிக்க இலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் மட்டும் படிப்பவர்கள் இந்தத் தொடக்கத்தைத் தவறவிடுகிறார்கள். 'ஆன் த ரோட்' எழுதிய ஜாக் கெரவாக்கும் மாசசூசெட்ஸில் கியூபெக்கிலிருந்து வந்த குடும்பத்தில் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர்தான்.

நோவா ஸ்கோஷியாப் பக்கம் குடியேறியிருந்த பிரெஞ்சுக்காரர்களான அகாடியர்களை ஆங்கிலேயர் 1755 முதல் கப்பலேற்றித் துரத்தியடித்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கடைசியில் லூசியானாவில் சேர்ந்து கேஜன் மக்களானார்கள். இன்னொரு பகுதியினர் திரும்பிப் போனதை, ஜார்ஜியாவிலிருந்து பத்து ஆண்டு மாட்டுவண்டி இழுத்துக்கொண்டு ஊர் திரும்பும் ஒரு பெண்ணின் கதையாக அந்தோனின் மாயே எழுதினார். அதற்கு 1979இல் கொன்கூர் பரிசு கிடைத்தது.

இந்தப் பாதைகளில் எனக்கு மிகப் பிடித்தது ஒன்றைச் சொல்கிறேன். செசேரின் நீள்கவிதை 'தாய்மண்ணுக்குத் திரும்பும் குறிப்பேடு' 1939இல் வந்தது. அதைப் படித்துவிட்டு, எழுபது ஆண்டு கழித்து 2009இல் தனி லாஃபெரியேர் எழுதிய 'திரும்புதலின் புதிர்' நாவலை எடுங்கள். ஹைட்டிப் பத்திரிகையாளராக இருந்த லாஃபெரியேர், நண்பர் கொல்லப்பட்டபின் 1976இல் மொன்ட்ரியாலுக்குத் தப்பி வந்தவர். நாவலில் நியூயார்க்கில் தந்தை இறந்துபோகிறார். மகன் ஹைட்டி திரும்புகிறான், செசேரின் கவிதையும் கூடவே வருகிறது. பனி கொட்டும் மொன்ட்ரியாலும் வெயில் கொளுத்தும் ஹைட்டியும் ஒரே பக்கத்தில் நிற்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

கரும்புக் காட்டில் நம் ஊர்ப் பெயர்கள்

1848இல் விடுதலையானவர்கள் பழைய தோட்டங்களில் அதே நிலைமையில் உழைக்க மறுத்தார்கள். தோட்ட முதலாளிகள் இந்தியா பக்கம் திரும்பினார்கள். 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. பின்னர் வந்த ஆண்டுகளில் குவாதலூப்புக்கு 40,000க்கும் மேற்பட்டவர்கள், மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர். பெரும்பாலோர் ஏறிய துறைகள் புதுச்சேரியும் காரைக்காலும். இன்றும் குவாதலூப்பில் முத்துசாமி, ராமசாமி, சிதம்பரம் என்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயர்களாக இருக்கின்றன. மாரியம்மன் அங்கே 'மாலியெமென்' ஆகி, ஆட்டுப்பலியோடும் மேளத்தோடும் வழிபடப்படுகிறாள். பொருள் மறந்துபோன தமிழ்ப் பாடல்களைத் தலைமுறையாக மனப்பாடமாகச் சொல்லிவந்தவர்கள் உண்டு. இவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று ஹென்றி சிதம்பரம் 1904இல் தொடங்கிய சட்டப் போராட்டம் 1923இல்தான் வென்றது.

இதை இலக்கியத்தில் தேடுவது நமக்கு இயல்பாகக் கைவரக்கூடிய வேலை. கொந்தே 1989இல் எழுதிய 'சதுப்புக்காட்டைக் கடத்தல்' நாவலில் குவாதலூப் கிராமம் ஒன்றில் இறந்தவன் ஒருவனைச் சுற்றி ஊர் கூடி உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொருவராக அவனைப் பற்றி நினைக்கிறார்கள். அவர்களுக்குள் இந்திய வம்சாவளிக் குடும்பம் ஒன்றும் இருக்கிறது. ஊர் அவர்களை எப்படிப் பார்க்கிறது என்பதையும் கொந்தே மறைக்கவில்லை. ரஃபாயேல் கொன்ஃபியான் 2004இல் வெளியிட்ட 'நரியின் வயிறு' என்ற நாவல் தமிழகத்திலிருந்து மார்த்தினிக்குக்குக் கப்பலேறியவர்களின் கதையையே எடுத்துக்கொண்டது.

செசேரின் கவிதையில் ஒரு வரிசை வரும்: யூதனாக, தென்னாப்பிரிக்கக் காஃபிரியனாக, கல்கத்தா இந்துவாக, ஓட்டுப் போடாத ஹார்லெம்காரனாக இருப்பேன் என்று ஒடுக்கப்பட்டவர்கள் எல்லோரையும் தன்னோடு சேர்த்துக்கொள்வார். செசேர் பிறந்த பாஸ் புவான்த் மார்த்தினிக்கில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் பகுதி. அவர் சிறுவயதில் பார்த்த இந்தியர்களின் முன்னோர் பெரும்பாலும் தமிழ்ப் பகுதித் துறைமுகங்களில் ஏறியவர்கள். அப்படியிருக்க கவிதையில் கல்கத்தா ஏன் வந்தது? உலகத்துக்குத் தெரிந்த பெயர் என்பதாலா, பக்கத்து வீட்டுக்காரரைக் கவிஞர் தொலைதூரத்தில் வைத்துப் பார்த்தாரா? ஆராய்ச்சி மாணவர் ஒருவர் பிடித்துக்கொண்டு போகத் தகுந்த கேள்வி இது.

எங்கே கிடைக்கும்

ரூமேன் 1944இல் இறந்ததால் கனடாவிலும் பிரான்சிலும் அவருடைய எழுத்தின் காப்புரிமை முடிந்துவிட்டது. பிரெஞ்சு மூலம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பை விலை கொடுத்தோ நூலகத்திலோதான் பெற வேண்டும். கியூபெக்கின் பழைய நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் அந்த மாகாணத் தேசிய நூலகத்தின் மின்தளம். கரீபிய எழுத்தாளர்களைப் பற்றி அறிய 'இல் ஆன் இல்' என்ற தளம் அருமையானது. எழுத்தாளர்கள் தாங்களே பேசும் ஒளிப்பதிவுகளும் உண்டு. அரிய கரீபிய ஆவணங்களுக்குக் கரீபிய மின்நூலகம், ஆய்வுக் கட்டுரைகளுக்கு 'எருதி' தளம். பிந்தையதில் பெரும்பகுதி கட்டணமில்லாதது. ஹைட்டியரும் முதல் குடியினரும் எழுதும் புதிய நூல்களுக்கு மொன்ட்ரியாலின் 'மெமுவார் தான்க்ரியே' பதிப்பகத்தின் பட்டியலைப் பாருங்கள்.

பிரெஞ்சு கற்க வேண்டும் என்றால் சென்னையிலும் புதுச்சேரியிலும் அல்லியான்ஸ் பிரான்செஸ் இருக்கிறது. அங்கே கற்பது பிரான்ஸ் நாட்டு உச்சரிப்பு. அதோடு ரேடியோ கனடாவையும் தினமும் கொஞ்சம் கேளுங்கள், இல்லாவிட்டால் கியூபெக்காரர் பேசும்போது ஒன்றும் விளங்காது. கனடா பற்றிய ஆய்வுக்கு உதவி தேடுபவர்கள் சாஸ்திரி இந்தோ கனடியக் கழகத்தின் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள்.

முதல் கட்டுரை எழுதும்போது

உலகெங்கும் பிரெஞ்சில் எழுதப்படுவதை எல்லாம் அள்ளிப்போடும் 'பிராங்கோபோன் இலக்கியம்' என்ற பெரிய கூடையை வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். ஒரு காட்சியை எடுங்கள். அதில் யார் யாரிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள், யார் பேசாமல் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். ரோஸ் அன்னாவின் மருத்துவமனைக் காட்சியை அப்படிக் குறித்தாலே நான்கு பக்கம் எழுத விஷயம் கிடைத்துவிடும். இரண்டு நூல்களை ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்தே இருக்கட்டும்: ஜொபேலின் பள்ளியும் லூசியானாக் கவிதையின் பள்ளியும், ரூமேனின் வறண்ட ஊரும் ருவாவின் சென் ஆன்ரியும். பாரிஸ் நாவல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டால், உங்களை அறியாமலே அது அளவுகோலாகிவிடும். எழுத்தாளரை அறிமுகப்படுத்தும்போது ஊரைச் சொல்லுங்கள். மார்த்தினிக் கவிஞர், அகாடிய நாவலாசிரியர் என்று.

கடைசியாக ஒரு நுட்பமான விஷயம். செசேரின் கவிதை 1939இல் ஒரு வடிவம், 1947இல் நியூயார்க்கிலும் பாரிஸிலுமாக இரண்டு வடிவங்கள், 1956இல் இன்னொன்று என்று மாறி மாறி வந்தது. அவர் வரிகளைச் சேர்த்தார், நீக்கினார், இடம் மாற்றினார். ஆங்கில மொழிபெயர்ப்புகளிலும் சில 1939ஐயும் சில 1956ஐயும் பின்பற்றுகின்றன. மேற்கோள் காட்டுவதற்கு முன் கையில் இருப்பது எது என்று முன்னுரையில் பார்த்து, அந்த ஆண்டை அடிக்குறிப்பில் எழுதிவிடுங்கள்.